அடிபட்ட நிலம் எப்போது மீளும்?

தாம்பரத்துக்குத் தெற்கே ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல் பயிரிடும் விவசாயி ஒருவர் நவரை அறுவடை முடிந்த கையோடு ஒரு கேள்வி கேட்டார்.

"ஐயா, இந்தப் போகத்துக்கு நான் ஒரு மூட்டை யூரியாகூட வாங்கவில்லை. அப்படியும் பயிர் கருகருவென்று வளர்ந்து இடுப்புக்கு மேல் வந்துவிட்டது. பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். கதிர் வந்தபோது பாதி பதர். புகையான் வேறு விழுந்தது. மருந்து அடித்தேன், அடங்கினாற்போல் இருந்தது. மூன்றாம் வாரம் முன்னைவிட அதிகமாக வந்தது. மறுபடியும் அடித்தேன். மிச்சம் நின்றதும் சாய்ந்துவிட்டது. கோளாறு மண்ணிலா, விதையிலா?"

மண்ணிலும் இல்லை, விதையிலும் இல்லை. கோளாறு ஏரித் தண்ணீரில் தொடங்கி, மருந்துத் தெளிப்பானில் முடிந்திருக்கிறது. ஆனால் இதை ஒரே வரியில் சொன்னால் அடுத்த போகத்துக்கு உதவாது. ஓர் இடத்துக்கு அடி விழுந்தால் அது எப்படி எழுந்திருக்கிறது, எப்போது எழுந்திருக்காமல் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் ஏரியின் நிலையும் புகையானின் கதையும் ஒன்றாகவே விளங்கும்.

சூழலியல் என்று படித்தவர்கள் சொல்வது நமக்குப் புதிய விஷயம் அல்ல. ஓரிடத்தில் உள்ள மண், நீர், செடி, பூச்சி, பறவை, கால்நடை, மனிதன் ஆகிய யாவும் ஒன்றையொன்று எப்படிச் சார்ந்து நிற்கின்றன என்று பார்ப்பதே அது. இங்கிலாந்து நாட்டுத் தாவரவியல் அறிஞர் ஆர்தர் டான்ஸ்லி 1935ஆம் ஆண்டில் இவை அனைத்தும் சேர்ந்த அமைப்புக்கு ஒரு பெயர் சூட்டினார். தமிழில் சூழல் மண்டலம் என்கிறோம். ஏரி ஒரு சூழல் மண்டலம். உங்கள் வயலும் அப்படித்தான்.

சேலையூர்க் காடு சொல்லும் பாடம்

சென்னையில் 1837இல் தோன்றிய கிறித்தவக் கல்லூரி, நூறு ஆண்டு கழித்து 1937இல் தாம்பரத்துக்குக் குடிவந்தது. சேலையூர்க் காட்டில் கல்லூரிக்குக் கிடைத்த 365 ஏக்கர் நிலம் அப்போது பெரும்பாலும் முட்புதர்தான். அங்கு வேதியியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் என்பவருக்குச் செடிகொடிகளில் அளவற்ற ஈடுபாடு. மரங்கள் நடப்பட்டன. அதைவிட முக்கியமாக, நிலம் காக்கப்பட்டது. இன்று ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சலிலிருந்து உள்ளே நுழைந்தால், இது தாம்பரம்தானா என்று கேட்கத் தோன்றும்.

நட்ட மரங்களால் மட்டும் காடு வந்துவிடாது. கோடரியும் ஆட்டு மந்தையும் விலகிய செம்மண் தரையில் என்ன நடக்கும் என்று கவனித்துப் பாருங்கள். முதலில் வருவன தும்பை, துத்தி, ஊமத்தை, ஆவாரை போன்றவை. இவை அவசரக்காரச் செடிகள். விதை ஏராளம், வளர்ச்சி வேகம், ஆயுள் குறைவு. அடுத்துக் களா, காரை, சூரை முதலிய முட்செடிகள் எழும். முள்ளுக்குள் ஆடு வாய்வைக்காது. அந்த முட்புதரில் கொண்டைக்குருவி வந்து உட்கார்ந்து பழம் தின்று எச்சமிடும். எச்சத்தில் வேப்பங்கொட்டையும் நுணாவும் விழும். முள்ளின் நிழலில் அவை முளைக்கும். பல ஆண்டுகள் சென்றபின், அந்த மரங்களின் நிழலில் வீரையும் காசாவும் உலக்கைப்பாலையும் தலைகாட்டும். இவைதான் நம் கடற்கரையோரப் பகுதிக்கு உரிய பழைய காட்டு மரங்கள். மிக மெதுவாக வளரும், நெடுங்காலம் நிற்கும்.

இதில் உள்ள ஒரு விதியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அடி விழுந்த இடத்துக்கு முதலில் வந்து சேர்வன வேகமாகப் பெருகும் இனங்கள். மெதுவாகப் பெருகுவன பிறகுதான் வரும். அவை வந்து சேர்வதற்குள் அடுத்த அடி விழுந்தால் வேகக்காரர்களே மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்கள். அடி ஓயாமல் விழுந்துகொண்டே இருந்தால் அவர்களே நிரந்தரக் குடிகள் ஆகிவிடுவார்கள்.

இன்னொன்று, என்ன மிச்சம் இருக்கிறது என்பது. அமெரிக்காவில் செயின்ட் ஹெலன்ஸ் என்ற எரிமலை 1980 மே 18ஆம் தேதி வெடித்துச் சுற்றுவட்டாரக் காட்டையே தரைமட்டமாக்கியது. சாம்பல் மூடிய அந்தப் பாலையில் செடி முளைக்க உதவியவற்றுள் ஒன்று, வளைக்குள் பதுங்கி உயிர் தப்பிய எலி போன்ற ஒரு சிறு பிராணி. அது வளை தோண்டி அடி மண்ணை மேலே தள்ளிய இடங்களில்தான் விதை வேர் பிடிக்க முடிந்தது. எரிமலை அழித்தது எவ்வளவு என்பதைவிட, அது விட்டுவைத்தது எது என்பதே முக்கியமாகிவிட்டது.

நம் பக்கத்திலும் இதைக் காணலாம். மேடவாக்கத்தை அடுத்த நன்மங்கலம் காப்புக்காட்டின் நடுவே கைவிடப்பட்ட கல்குவாரி ஒன்று இருக்கிறது. சுற்றிலும் புதர்க்காடு மீண்டும் எழுந்திருக்க, குவாரிப் பள்ளம் மட்டும் பாறையாகவே கிடக்கிறது. மண்ணோடு விதையும் வேரும் போய்விட்டன. பாறை மண்ணாக ஆவதற்கு நம் பேரன் காலமும் போதாது. அந்தப் பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தை குடியேறியிருக்கிறது என்பது வேறு விஷயம். அதைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள். இடம் வெறுமையாகிவிடவில்லை, ஆனால் பழைய காடு திரும்பவில்லை.

12-12-2016 அன்று வர்தா புயல் கரை கடந்தபோது வண்டலூர் உயிரியல் பூங்காவிலும் கிண்டியிலும் தாம்பரத்திலும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அன்று கண்ட காட்சி எவரையும் கலங்கச் செய்திருக்கும். ஆனால் ஒரே நாளில் வந்து போகும் அடி, பார்க்க எவ்வளவு பயங்கரமாக இருந்தாலும், சூழலுக்குத் தாங்கக்கூடிய அடிதான். விழுந்த மரத்தின் இடத்தில் வெயில் இறங்கும். காத்துக்கிடந்த கன்றுகள் எழும். தரையைப் பொக்லைன் வைத்துச் சுரண்டாமல் விட்டால் போதும். சுரண்டிய இடத்தில் சீமைக் கருவேலமும் பார்த்தீனியமும் முந்திக்கொள்ளும்.

கோடையை இழந்த ஏரி

இப்போது ஏரிக்கு வருவோம். செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்று சொல்வது பழைய வழக்கு. சேலையூர், இராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், சிட்லப்பாக்கம், மாடம்பாக்கம் என்று ஊருக்கு ஓர் ஏரி. இப்பகுதி ஏரிகள் பலவற்றின் உபரி நீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பாய்ந்து, முடிவில் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் போய்ச் சேரும்படி நம் முன்னோர் காலத்திலேயே அமைந்திருக்கிறது. அந்தச் சதுப்பு நிலத்தில் பெரும்பகுதி கட்டடமும் குப்பைமேடுமாகப் போய்விட, எஞ்சியதில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

ஏரி அடியே படாத இடம் அல்ல. உண்மையில் ஆண்டுக்கு இரண்டு அடி படும். ஐப்பசி கார்த்திகையில் வெள்ளம், சித்திரை வைகாசியில் வறட்சி. வெள்ளம் அழுக்கைக் கலங்கல் வழியே தள்ளிக்கொண்டு போகும். கோடையில் ஏரி வற்றும். வெடித்த வண்டலில் காற்றும் வெயிலும் புகும். நீர்ச்செடிகள் காய்ந்து மடியும். மாடு மேயும். கொக்கும் நாரையும் கடைசிக் குட்டையில் மீன் பொறுக்கும். வண்டலை வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிப்போம். அடுத்த மழைக்கு ஏரி புதிதாகத் தொடங்கும். இந்த இரண்டு அடிகளும்தான் ஏரியை ஏரியாக வைத்திருந்தன.

வீடுகளின் சாக்கடை ஏரியில் விழத் தொடங்கியபோது அசுத்தம் சேர்ந்தது என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். அது சரிதான். ஆனால் யாரும் அதிகம் பேசாத ஒன்று உண்டு. ஏரி தன் கோடையை இழந்துவிட்டது. சாக்கடைக்கு வைகாசி என்றும் கார்த்திகை என்றும் கிடையாது. 365 நாளும் வந்துகொண்டே இருக்கும். ஏரி வற்றுவதில்லை. வற்றாத ஏரியில் ஆகாயத்தாமரை சாவதில்லை. தென் அமெரிக்காவிலிருந்து வந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வங்காளத்தில் புகுந்து நாடெங்கும் பரவிய செடி அது. தழைச்சத்து மிகுந்த நீரில் இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகப் பெருகக்கூடியது. ஊமத்தையைப் போல இதுவும் ஓர் அவசரக்காரச் செடிதான். அதன் பாய்க்கு அடியில் வெளிச்சம் இல்லை. நீரடியில் வளரும் பாசிக்கொடிகள் அழுகுகின்றன. நீரில் பிராணவாயு குறைந்து மீன் செத்து மிதக்கிறது. இயந்திரம் வைத்து ஒருமுறை வாரிவிட்டால் ஏரி பழையபடி ஆகிவிடும் என்று எண்ணுவது தவறு. வரத்து நிற்காதவரை இரண்டு மாதத்தில் பாய் மறுபடியும் விரிந்துவிடும்.

இதற்கு நேர்மாறான ஏரியும் நம் மாவட்டத்தில் உண்டு. மதுராந்தகம் பக்கம் வேடந்தாங்கல் ஏரியில் ஆயிரக்கணக்கான பறவைகள் எச்சமிடுகின்றன. அதுவும் தழைச்சத்துதான். அந்த நீர் பாய்ந்தால் விளைச்சல் கூடும் என்று கண்ட ஊரார், பறவைகளைச் சுடக்கூடாது என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடம் உரிமைப் பத்திரம் பெற்றார்கள். எச்சம் அங்கே உரமாகிறது, சாக்கடை இங்கே கேடாகிறது. அளவில் வித்தியாசம் உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய வித்தியாசம், பறவை சில மாதம் தங்கிவிட்டுப் போய்விடுகிறது. ஏரிக்கு ஓய்வு கிடைக்கிறது.

ஒரு சிறு கணக்கு

இனி நம் நண்பரின் இரண்டு ஏக்கருக்கு வருவோம். ஒரு போகம் நெல்லுக்கு ஏக்கருக்குச் சுமார் 40 லட்சம் லிட்டர் நீர் வேண்டும். அதில் பாதி ஏரியிலிருந்து என்று வைத்தாலும் 20 லட்சம் லிட்டர் ஆகிறது. வீட்டுச் சாக்கடை நீரில் லிட்டருக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வரை தழைச்சத்து இருப்பது சாதாரணம். ஏரியில் கலந்து நீர்த்து 20 மில்லிகிராம்தான் என்று கொள்வோம். ஏக்கருக்கு 40 கிலோ தழைச்சத்து ஆகிறது. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருப்பது 20.7 கிலோ. ஆக, யூரியாவே வாங்காதவர் ஏக்கருக்கு ஏறக்குறைய இரண்டு மூட்டை போட்டிருக்கிறார். நவரையில் மழை இல்லாததால் எல்லாமே ஏரி நீர். அப்போது இது இரட்டிப்பாகும். தவிர, யூரியாவைப் பிரித்து, காலம் பார்த்துப் போடுகிறோம். ஏரி நீர் கதிர் வந்த பிறகும் ஊட்டிக்கொண்டே இருக்கிறது. பயிர் தழைத்துக்கொண்டே போகும், தண்டு இளைத்துச் சாயும், மணி பிடிக்காது. மெச்சியவர்கள் அறுவடைக்கு வந்திருந்தால் பதரைப் பார்த்திருப்பார்கள்.

அப்படிக் கருத்து அடர்ந்த பயிர்தான் புகையானுக்கு விருந்து. தூரடியில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருந்து சாறு உறிஞ்சும் இந்தப் பூச்சி, குட்டை நெல் ரகங்களும் கூடுதல் உரமும் வந்த பிறகே பெரும் பகை ஆயிற்று. 1973-74இல் கேரளத்தில் இது விளைத்த சேதம் பெரிது. முட்டை பருவம் முதல் பெரிய பூச்சி ஆகும் வரை ஏறக்குறைய நான்கு வாரத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே இதுவும் அந்த அவசரக்காரர் கூட்டத்தைச் சேர்ந்ததே.

புகையானுக்கு வயலில் காவலர்கள் உண்டு. ஓநாய்ச் சிலந்தி தூரடியில் ஓடித் திரிந்து புகையானைப் பிடித்துத் தின்னும். பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி அதன் முட்டையை உறிஞ்சும். மருந்து அடித்த அன்று புகையானும் சாகிறது, சிலந்தியும் சாகிறது. இலை உறைக்குள் இருக்கும் முட்டை சாவதில்லை. ஒரு வாரத்தில் அது பொரிக்கிறது. பக்கத்து வயலிலிருந்து சிறகுள்ள புகையான் பறந்தும் வருகிறது. சிலந்தி மெதுவாகப் பெருகும் இனம். அது திரும்பி வருவதற்குள் புகையான் ஒரு தலைமுறை பெருகிவிடுகிறது. உடனே அடுத்த தெளிப்பு. மூன்றாம் வாரம் முன்னைவிட அதிகமாக வந்தது என்று நண்பர் சொன்னதன் காரணம் இதுவே. பைரித்திராய்டு வகை மருந்துகளும் குயினால்பாஸ் போன்றவையும் இப்படிப் புகையானை மறுபடி கிளப்பிவிடுவன என்று கண்டறிந்து, புகையானுக்கு அவற்றைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். இந்தோனேசியாவில் இதே நிலை முற்றி, 1986 நவம்பரில் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளை அடிக்கக்கூடாது என்று அந்நாட்டு அரசே தடை போட்டது.

இந்தப் போகத்தில் செய்யத்தக்கவை

ஏரியில் சாக்கடை கலக்கிறது என்று தெரிந்தால் அடியுரமாக யூரியா இடுவதை நிறுத்திவிடலாம். மேலுரத்துக்கு இலை வண்ண அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இலையின் நிறம் நான்காம் எண்ணுக்குக் குறையாதவரை தழைச்சத்து வேண்டாம். வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் எண் போதும். சாம்பல் சத்தை மட்டும் குறைக்காதீர்கள். தண்டுக்கு வலுவைத் தருவது அதுதான். பணத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணிப் பொட்டாஷை விட்டுவிட்டு யூரியாவைப் போடுபவர்கள் இன்னும் நம் பக்கம் இருக்கிறார்கள்.

ஏரிக்கு நாம் கோடையைத் தர முடியாமல் போகலாம், வயலுக்குத் தரலாம். நீரை எப்போதும் தேக்கி வைக்காமல், கட்டிய நீர் வற்றி மண்ணில் மயிரிழை வெடிப்புக் காணும்போது அடுத்த நீர் பாய்ச்சுங்கள். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடக் கூடாது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்ட வயலில் புகையான் அவ்வளவாகத் தங்காது, வேரும் ஆழம் போகும். நடவின்போது எட்டடிக்கு ஓர் அடி இடைவெளி விட்டுப் பட்டம் பிரித்தால் தூரடியில் காற்றும் வெயிலும் புகும். வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றுங்கள். நன்மை செய்யும் பூச்சிகளுக்கு அதுவே தங்குமிடம். அறுவடைக்குப்பின் வரப்புப் புல்லை முழுவதும் கொளுத்திவிடுவதும் சரியல்ல. சிலந்திக்கு அடுத்த போகம் வரை ஒதுங்க இடம் வேண்டும்.

தழைச்சத்து மிகுந்துபோன நிலத்தில் மூன்று போகமும் நெல் வைக்காமல், கோடையில் தீவனப் பயிர் வைக்கலாம். மண்ணில் சேர்ந்ததை அது உறிஞ்சிக்கொள்ளும். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் பால்மாடு வைத்திருப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள். கீரை வைப்பவர்கள் இந்த ஏரி நீரை இலைமேல் படும்படி தெளிக்கக் கூடாது. வண்டல் அடிக்கும் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. ஏரி வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுக்க 2017 முதல் அரசு வழிசெய்திருப்பது நல்லதே. வீட்டுச் சாக்கடை மட்டும் கலந்த ஏரியின் வண்டல் ஒரு கோடை காய்ந்தால் பெரிதும் தீங்கற்றது. ஆனால் தோல் பதனிடும் ஆலை போன்ற தொழிற்சாலைக் கழிவு ஒருகாலத்தில் வந்த இடம் என்றால் சோதிக்காமல் வயலில் கொட்டாதீர்கள். குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் வந்தது என்பது பலருக்குத் தெரியும். உப்பையும் குரோமியத்தையும் எந்தப் பூச்சியும் செடியும் தின்று தீர்க்காது. மண், நீர்ச் சோதனைக்கு வேளாண்மை விரிவாக்க மையத்திலோ காட்டுப்பாக்கம் வேளாண்மை அறிவியல் நிலையத்திலோ விசாரிக்கலாம்.

ஏரியைப் பொறுத்தவரை ஆயக்கட்டுதாரர்கள் சேர்ந்து போனால்தான் காரியம் நடக்கும். ஆகாயத்தாமரையை வாரச் சொல்லி மனுக் கொடுப்பதைவிட, சாக்கடை விழும் வாய்க்கால்கள் எவை எவை என்று கரையைச் சுற்றி நடந்து குறித்துக்கொண்டு, அவற்றைத் திருப்பச் சொல்லி மனுக் கொடுங்கள். கலெக்டர் அலுவலகத்தில் மாதந்தோறும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. வரத்துக் கால்வாயையும் கலங்கலையும் அடைப்பின்றி வைப்பது ஊருக்கும் நல்லது. 2015 டிசம்பர் 1ஆம் தேதி காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, போக வழியில்லாத நீர் முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

புகையானுக்கு மருந்து அடிக்குமுன் ஒரு வேலை. காலையில் வெயில் ஏறுமுன் வயலில் இறங்கி, குறுக்காக நடந்து, இருபது தூர்களையாவது விரித்து அடிப்பாகத்தைப் பாருங்கள். தட்டினால் நீரில் விழும் பழுப்புப் பூச்சிகளை எண்ணுங்கள், சிலந்தியையும் எண்ணுங்கள். சிலந்தி இல்லாத வயலில் சிம்புக்கு ஒரு புகையான் என்பது மருந்து அடிக்க வேண்டிய எல்லை. தூருக்கு ஒரு சிலந்தி இருந்தால் சிம்புக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம். எல்லையை நெருங்கினால் முதலில் நீரை வடித்துவிட்டு, ஏக்கருக்குப் பத்துக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டி, 200 லிட்டர் நீரில் கலந்து தூரடியில் படும்படி தெளியுங்கள். மூன்று நாள் கழித்து அதே தூர்களை மறுபடியும் எண்ணிப் பாருங்கள்.